பக்கோடாவின் விலை

எங்கள் மகளுக்கு இளவேனில் என்ற பெயரை மலிவாக வாங்குவதற்காக, ஐந்து மாதம் அவளைப் பக்கோடா என்று அழைத்தோம்.

இப்போதெல்லாம் சும்மா பெயர் வைக்க முடியாது. இணையத்தில் அந்தப் பெயரை விலைக்கு வாங்கினால்தான் பிறப்புச் சான்றிதழ். பெயர்களை வாங்கி விற்பதே என் கணவர் கதிரேசனின் தொழில். ஒரு பெயரை ஆசையாக இரண்டு முறை சொன்னால் போதும், போன்கள் ஒட்டுக் கேட்டுவிடும், அதன் விலை ஏறிவிடும்.

"இளவேனில்னு யாரும் வாயைத் திறக்காதீங்க. பக்கோடான்னே கொஞ்சுவோம்" என்றார்.

கொஞ்சினோம். பால்காரர் முதல் மாடிவீட்டு டாக்டர் வரை பக்கோடாவை விசாரித்தார்கள். யாரும் சீந்தாத இளவேனில் சல்லிசாகக் கிடைத்தது.

பெயர் சூட்டும் நாளில் என் நாத்தனார் மெய்யம்மை குழந்தையின் காதில் அதை மூன்று முறை சொன்னாள். குழந்தை கொட்டாவி விட்டது.

"அடி பக்கோடா, இங்க பாருடி" என்றாள் அலுத்துப்போய். குழந்தை சட்டென்று திரும்பிச் சிரித்தது.

அந்த நேரம் பார்த்துக் கதிரேசனுக்கு போன் வந்தது. ஒரு பலகாரக் கம்பெனி பக்கோடாவுக்கு ஒன்பது லட்சம் தருகிறதாம். நாங்கள் கொஞ்ச ஆரம்பித்த அன்றே நூறு ரூபாய்க்கு அதையும் வாங்கிப் போட்டிருக்கிறார் மனுஷன்.

"வித்துட்டா அப்புறம் நாம அந்தப் பேரைச் சொல்லக் கூடாது" என்றார் மெதுவாக.

"அப்ப இவளை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்றேன்.

அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு போனில் சொன்னார்: "மன்னிச்சுக்குங்க. அதுல ஆள் குடியிருக்காங்க."