பெரிய எழுத்து

"கேபிளைப் பிடுங்கிட்டு மறுபடி சொருகுங்க மாமா. மெதுவா! அது இரும்புக் கிராதி இல்ல."

போன் ஸ்பீக்கரில் மச்சினி சத்தம் போட, சின்னவர் பிரிண்டருக்குப் பின்னால் தலையை விட்டுத் தடவிச் சொருகினார். முப்பது வருஷமாக வெல்டிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். அந்தப் பொட்டுத் துளைக்குள் கேபிள் போவதற்குள் வேர்த்துவிட்டது.

"சொருகிட்டேன்மா."

"பச்சை விளக்கு எரியுதா?"

"எரியுது."

"இப்ப லேப்டாப்புல பிரிண்ட் கொடுங்க."

கொடுத்தார். பிரிண்டர் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அசையலையே. நீ இரவல் கொடுத்த பிரிண்டர்தான் சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! நேத்து வரைக்கும் என் கடையில மாங்கு மாங்குன்னு உழைச்சது மாமா அது. உங்க வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கிச்சுன்னா வீட்டைத்தான் சொல்லணும்."

பக்கத்தில் நின்ற மனைவி சிரித்தாள். சின்னவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கடிகாரத்துக்குப் போனது. மணி இரண்டு. நாலு மணிக்குக் கீழ் வீட்டுக்கு லாரி வருகிறது. அண்ணன் சாமானை ஏற்றிக்கொண்டு மகன் இருக்கிற ஊருக்கே போகிறார். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாராம்.

கீழே பெரியவர், மேலே சின்னவர். ஒரே வாசல்தான். ஆனால் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. நடந்தது என்னவோ ஒரு நிமிஷம். அண்ணன் பற்றவைத்த கதவு ஒன்று கோணிப்போக, பட்டறை ஆட்கள் எதிரிலேயே, "கண்ணு தெரியலைன்னா வீட்டுல உட்கார வேண்டியதுதானே" என்று இவர் வாயை விட்டுவிட்டார். நெருப்பைப் பார்த்துப் பார்த்தே மங்கின கண் அது. தம்பிக்குச் சோறு போட்ட நெருப்பு. மறுவாரமே பட்டறை பாகம் பிரிந்தது. இவர் பங்குக்கு வந்த சாமான்களில் இந்த லேப்டாப்பும் ஒன்று.

போன மாதம் மன்னிப்புக் கேட்டுக் கையால் ஒரு கடிதம் எழுதி, கீழ்க் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தார். மறுநாள் அது படியில் கிடந்தது.

"உங்க கோழிக்கிறுக்கலை அவர் எப்படிங்க படிப்பார்?" என்றாள் மனைவி. "இன்னொருத்தரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல மானம் விடுமா? பெரிய எழுத்தா அடிச்சுக் கொடுங்க."

இரண்டு நாள் ஒற்றை விரலால் தட்டினார். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். 'அண்ணா, அன்னிக்குப் பேசினது என் தப்பு. உங்க கண்ணாலதான் நான் ஆளானேன். போகாதீங்க.' அவ்வளவுதான். அதைக் காகிதத்தில் ஏற்றத்தான் இந்தப் பாடு.

"டிரைவரை அழிச்சிட்டுப் புதுசா போடலாம் மாமா. லேப்டாப் சொல்றது பிரிண்டருக்குப் புரியணும்ல? டிரைவர்தான் நடுவுல நின்னு சொல்றது."

"அதுங்களுக்குமா நடுவுல ஆள் வேணும்?" என்று மனைவி சின்னவரை ஒரு பார்வை பார்த்தாள்.

டிரைவரை அழித்தார்கள், போட்டார்கள். லேப்டாப்பை அணைத்து எழுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் சின்னவர் பிரிண்ட் கொடுத்தார். கோபத்தில் இரண்டு மூன்று தடவை சேர்த்தும் கொடுத்தார்.

"திரையில என்ன வருது மாமா?"

"அனுப்பியாச்சுன்னு வருது. கூசாம புளுகுது."

கீழேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது.

"கட்டிலை இழுக்குறாங்க போல," என்றாள் மனைவி.

மூன்றரைக்கு மச்சினியும் கையை விரித்தாள். "நானே நேர்ல வந்து பார்க்கிறேன் மாமா. ஒரு மணி நேரம் ஆகும்."

"அதுக்குள்ள லாரி போயிடும்மா." போனை வைத்தார்.

"லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டுத்தான் வாங்களேன்."

"மூஞ்சியை எங்கடி வச்சுக்கிறது?" லேப்டாப்பைச் சாத்தினார். "கொடுத்து வைக்கலை. விடு."

கதவு தட்டப்பட்டது.

"லாரிக்காரன் மாடி ஏறிட்டான் போல," என்றபடி சின்னவர் போய்த் திறந்தார்.

அண்ணன் நின்றார். மூன்று வருஷம் ஏறாத படி, மூச்சு வாங்கியது. கையில் ஒரு கத்தைக் காகிதம். மேல் தாளில் கட்டைவிரல் அகலத்தில் 'அண்ணா' என்றிருந்தது.

"மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி, நம்ம பட்டறைப் பழைய பிரிண்டர் ஓடுதான்னு பார்க்கச் சுவிட்சைப் போட்டேன்டா. கக்க ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. பாகத்துல லேப்டாப் உனக்கு, இது எனக்குன்னு வந்துச்சே... நாம பிரிஞ்சதை இதுங்ககிட்ட யாரும் சொல்லலை போல. கம்பி கூட இல்லாம இன்னும் பேசிக்கிட்டிருக்குதுங்க."

சின்னவர் கத்தையை வாங்கிப் புரட்டினார். தாளுக்குத் தாள் அதே 'அண்ணா'.

"ஒரு தடவை மன்னிப்புக் கேட்டா போதாதாடா? பத்தொன்பது தடவையா கேப்ப? வீட்டுல இருந்த பேப்பரெல்லாம் தீர்ந்துபோச்சு." அண்ணன் சட்டைப் பையிலிருந்து கசங்கின சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "லாரிக்காரனுக்குப் போன் போட்டு வர வேணாம்னு நீயே சொல்லிடு. நம்பர் பொடி எழுத்துல இருக்கு, எனக்குத்தான் கண்ணு தெரியலையே."