முதல் மிதி

கதவைத் திறந்த அப்பா என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

கையில் லாந்தர். ஆட்டுக் கொட்டிலுக்குக் கிளம்பியிருந்தார். கிறிஸ்துமஸ் விடியலில் வீட்டுக்குள் முதலில் மிதிக்க ஓர் ஆட்டைக் கூட்டிவர. முதலில் மிதிக்கும் காலைப் பொறுத்துத்தான் வீட்டுக்கு அந்த வருடம்.

அது அம்மாவின் யோசனை.

"இந்த வருஷம் மனுஷங்களே வேணாம். ஆடுன்னா நாலு காலு. ஒண்ணாவது ராசியா இருக்காதா?"

நான் பின்கதவு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வந்து, வாசலில் காத்திருந்தேன். கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. கையுறை நிறையக் கோதுமை.

"கிறிஸ்து பிறந்தார்" என்றேன். வெளியிலிருந்து வருகிறவன் சொல்ல வேண்டியது அது.



மூன்று வருடங்களாக எங்கள் வாசலில் அதைச் சொன்னவன் எதிர்வீட்டு வித்தோமிர். அவனுக்கும் என்னைப் போலப் பத்து வயது. முதல் வருடம் அவன் மிதித்த பிறகு பசு இரட்டைக் கன்று போட்டது. ராசியான கால் என்றார்கள். அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருடமும்.

"வாங்க தம்பி, வாங்க" என்பார் அப்பா அவனை. என்னை 'டேய்' என்பார்.

அவனை அடுப்புக்கு அருகே முக்காலியில் உட்காரவைப்பார். பாலேடு கம்பளி போலத் தடிக்க வேண்டும் என்று அம்மா அவன் தோளில் கம்பளி போர்த்துவாள். எரியும் ஓக் கட்டை மேல் அவன் ஒரு தினாரை வைத்து, குச்சியால் அடிப்பான். பொறி பறக்கும். அப்பா அவன் தலையில் கை வைப்பார்.

அந்தக் கை என் தலைக்கு வந்ததில்லை. காதுக்கு வந்திருக்கிறது.

ஒருமுறை நான் மிதிக்கிறேன் என்று கேட்டேன்.

"டேய், நீ வீட்டுக்காரன்டா. உள்ள இருக்கறவன் எப்படிடா உள்ள வருவே?"

போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு வருடம் கெட்டது. மே மாதம் ஒரு காலையில் குதிரைமசால் தீவன வயலின் படல் திறந்து கிடந்தது. படல் கயிற்றைக் காணவில்லை. ஆடுகள் பனி ஈரத்தோடு மேய்ந்து வயிறு உப்பின. நான்கு செத்தன.

ஆகஸ்டில் ஓடை வற்றியது. அதுவும் வித்தோமிரின் கால்தான் என்றாள் அம்மா.

ஊரும் அதையே சொன்னது. பையன்கள் அவனைக் கண்டால் கத்தினார்கள்.

"டேய் வித்தோமிர், எங்க பன்னிங்க பக்கம் காலை வச்சிடாதே!"

நான்தான் அதிகம் கத்தினேன்.

அப்பா லாந்தரை உயர்த்தி என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

"மெய்யாவே பிறந்தார்" என்றார். "வாங்க தம்பி, வாங்க."

கோதுமையை உள்ளே வீசி, வலது காலை எடுத்து வைத்தேன்.

உள்ளே தரையெல்லாம் வைக்கோல் பரப்பியிருந்தது. அம்மாவும் என் மேல் கோதுமையை வீசிவிட்டுச் சிரித்தாள்.

"ஐயையோ, இது எந்த வீட்டுப் பிள்ளை? மூக்கு மிளகாப் பழமா செவந்திருக்கே!"

முக்காலியில் உட்கார்ந்தேன். கம்பளி வந்தது. கட்டையை அடித்தேன். வித்தோமிர் அடித்ததைவிட ஓங்கி அடித்தேன்.

"எத்தனை பொறியோ அத்தனை கன்று. எத்தனை பொறியோ அத்தனை ஆடு" என்றேன்.

அப்பா நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

கனமான கை. புகையிலை வாசம். வித்தோமிரின் தலையில் இருந்ததைவிட அதிக நேரம் இருந்தது.

சுட்ட பன்றியில் முதல் துண்டு எனக்கு. அப்பா தன் கோப்பையிலிருந்து ஒரு மிடறு பிளம் சாராயமும் தந்தார். "சாப்பிடுங்க தம்பி" என்றார் ஒவ்வொரு முறையும். நான் பெரியவனைப் போலத் தலையசைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அப்பா எழுந்தார். முதலில் மிதித்தவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. ஒரு ரொட்டி, ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. வழக்கமாக மூட்டையை அம்மாதான் கட்டுவாள். அன்று அப்பா கட்டினார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

என்னை வாசல் வரை கூட்டிவந்தார். பிறகு முற்றத்தைக் கடந்து வேலிக்கதவு வரை.

"போதுங்க, பிள்ளை நடுங்குது" என்று அம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

அப்பா மூட்டையை என் கையில் கொடுத்தார்.

"உங்க அப்பாவை ரொம்பக் கேட்டதா சொல்லுங்க, தம்பி."

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அவருடைய காலடிச் சத்தம் பனியில் வீட்டை நோக்கிப் போனது. வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது.

விளையாட்டென்றால் இதற்குள் திறந்திருக்க வேண்டும்.

எதிரே வித்தோமிர் தன் வாசலில் நின்றிருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். வெள்ளைச் சட்டை. யாராவது கூப்பிடுவார்கள் என்று விடியலிலிருந்து நின்றிருக்க வேண்டும்.

அவன் பார்க்கட்டும் என்று மூட்டையை உயர்த்திக் காட்டினேன்.

ரொட்டிக்கும் காலுறைக்கும் அது அதிகமாகக் கனத்தது.

அவிழ்த்தேன். ரொட்டிக்கு அடியில் காலுறைகள். ஒரு காலுறைக்குள் படல் கயிறு.

கயிற்றில் ஓடைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஓடையில் மூழ்கட்டும் என்று மே மாதம் நான் கட்டிய கல் இன்னும் அதன் முனையில் இருந்தது.