போனில் ஒரு ரிப்பேர்

"அண்ணே, கிளட்ச்ச பாக்குறதோட பாக்குறதா இன்ஜினையும் டர்போவா மாத்திட்டா என்ன?"

காலையிலிருந்து ஐந்தாவது முறையாகக் கேட்கிறான் யோகராஜ். மெக்கானிக் ஜக்கையன் கையிலிருந்த ஸ்பேனரை டொங்கென்று பெஞ்சில் போட்டார்.

"ஏன்டா, மிதிச்ச பெடலு மேல வர வழியக் காணோம், இதுல டர்போ கேக்குதோ? அந்த இழுவைக்கு இப்ப இருக்க பிளேட்டு ஒரு மாசம் தாங்காது. பிளேட்டு மாத்தணும், கியர்பாக்ஸ் மாத்தணும், ஆர்.சி. புக்குல ஏத்தணும். பேசாம உக்காரு."

"உக்காந்துக்கிட்டேதானண்ணே இருக்கேன். கிளட்ச் சாமான் எப்ப வரும்?"

"தேனியில பஸ்ஸுல போட்டு விட்டாச்சு. வரும்."

யோகராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளை விடிகாலை ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்ற வேண்டும். ஜீப்பு போகாவிட்டால் கங்காணி அந்த டிரிப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அவன் பிழைப்பே அந்த ஒற்றை ஜீப்பில்தான் ஓடுகிறது.

செல் அடித்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஜக்கையன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜக்கையன் ஒர்க்‌ஷாப்பாண்ணே? ஜீப்புக்குப் பின்னாடி உங்க நம்பர் இருந்துச்சு. கிளட்ச் வேல செய்யலண்ணே."

அவர் கை வைத்த ஜீப்பு ஒவ்வொன்றிலும் அந்த நம்பர் இருக்கும். போடியில் மட்டும் அப்படி நாற்பது ஓடுகின்றன.

"டப்பால ஆயில் இருக்கா பாரு."

"இருக்குண்ணே."

"அடில ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல."

"அப்ப மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போச்சு. பெடல வெரசா இருவது தடவ மிதி."

மிதிக்கிற சத்தமும் மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டன. "ம்ஹூம், எந்திரிக்கலண்ணே."

"யாருண்ணே இவன்?" என்றான் யோகராஜ் எரிச்சலாக.

"தேவாரத்து வெள்ளைத்துரை புதுசா ஒரு டிரைவரப் போட்டிருக்காருல்ல, அந்தப் பயலாத்தான் இருக்கும்."

போனை வைத்த இரண்டு நிமிடத்தில் மறுபடியும் அழைப்பு. அப்புறம் மறுபடியும்.

"நிப்பிள லூசாக்கி காத்த எடுரா!"

"நிப்பிளுன்னா எதுண்ணே?"

ஜக்கையன் தலையில் அடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் கிரீஸ்.

"இவன விட்டா என் சோலி நடக்காது" என்று யோகராஜ் போனைப் பிடுங்கினான். "தம்பி, கிளட்ச்ச மறந்துரு. இன்ஜின ஆஃப் பண்ணி முதல் கியரப் போட்டு, அப்படியே சாவியத் திருப்பு. உந்தி உந்திக் கெளம்பிரும். அடுத்த கியருக்கு ஆக்சிலேட்டர விட்டுட்டு, சத்தம் எறங்குறப்ப தள்ளு."

"டேய், கியர் பல்லெல்லாம் நொறுங்கிரும்டா!" என்று பதறினார் ஜக்கையன்.

"நொறுங்கட்டும்ணே. நம்ம வண்டியா என்ன?"

போனில் இன்ஜின் உறுமியது. "கெளம்பிருச்சுண்ணே! மகராசனா இருக்கணும் நீங்க!"

"ஒழிஞ்சான்" என்று போனை வைத்தான் யோகராஜ்.

ஒன்றரை மணி நேரம் கழித்து சாமான் வந்தது. ஜக்கையனின் பைக்கில் இருவரும் மலையேறினார்கள். அடிவாரத்து முந்தல் தாண்டி நாலாவது வளைவில்தான் காலையில் யோகராஜ் தன் ஜீப்பை நிறுத்திவிட்டு பஸ் ஏறி வந்திருந்தான்.

வளைவில் ஜீப்பு இல்லை. டயருக்கு முட்டுக் கொடுத்த இரண்டு கற்கள் மட்டும் கிடந்தன.

"சாவி எங்கடா?"

"வண்டிலதாண்ணே. மலைல நின்ன வண்டில சாவிய விட்டுட்டுத்தான வருவோம்? ரோட்ட மறிச்சா பின்னாடி வர்றவன் ஒதுக்கணும்ல" என்றான் யோகராஜ்.

ஜக்கையன் செல்லை எடுத்து, காலையில் வந்த அந்த நம்பருக்கே அடித்தார்.

"அண்ணே, நல்லவேள நீங்களே கூப்புட்டீங்க! மலை உச்சி மெட்டு தாண்டி கேரளாவுக்குள்ள வந்துட்டேன், நாலாவது கியர்தான் விழ மாட்டேங்குது. பக்கத்துல அந்த அண்ணன் இருக்காரா?"