போனில் ஓர் அக்கா

எம்.பி.ஏ. சேர்ந்த புதியவர்களுக்குத் தைரியம் சொல்ல, கல்லூரியில் ஆளுக்கொரு சீனியரின் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். சீனியரான இவளுக்கு வாய்த்த புதியவள், முதல் நாளே போனில் அழுதாள்.

“எல்லாரும் வேலை பார்த்துட்டு வந்தவங்க அக்கா. வாயைத் திறந்தாலே பேலன்ஸ் ஷீட்தான். நான் வீட்டுக்கே போயிடறேன்.”

“அவங்க சொல்றதுல பாதி புருடாடி! புரியலன்னா கிளாஸ்லயே கையைத் தூக்கு. உன்னை மாதிரி முழிக்கிறவங்க தானா வந்து ஒட்டிப்பாங்க. கேன்டீன்ல மட்டும் தனியா உட்காராதே. அப்புறம் அதுவே பழகிடும்.”

“உங்களுக்கு நிறைய ஃபிரெண்ட்ஸா அக்கா?”

“என் கூட்டத்தைப் பார்த்தா கேன்டீன்காரரே அலறுவார்!”

“நேர்ல எப்போ பார்க்கலாம்?”

“பிராஜெக்ட் முடியட்டும்டி.”

தினமும் வந்த போன் மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் நின்றே போனது. நல்லதுதானே என்று இவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கையோடு கொண்டுபோனாள்.

ஒரு மதியம், கேன்டீனில் இவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜையில் ஒரே சிரிப்பு. அதில் ஒரு குரல் நன்றாகத் தெரிந்த குரல். இவள் நிமிர்வதற்குள் அந்தக் குரல்காரியே எதிரில் வந்து நின்றாள்.

“இங்க யாராவது வர்றாங்களா? எங்களுக்கு ஒரு சேர் வேணும்.”

தான் வாயைத் திறந்தால் போதும், குரலை வைத்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். “அக்கா, உங்க கூட்டம் எங்கே?” என்று கேட்பாள்.

இவள் யாரும் வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.