இருபத்தொரு அம்பு

விஜயராணி தன் வீட்டுக் கூரையில் இருபத்தொரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி நகத்தளவு சிவப்பு அம்பு ஒன்றை ஒட்ட வேண்டும். ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தால் தூக்கம் எங்கே வரும்?

முதலில் தோசை அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம். அடுத்த வாரம் சுண்ணாம்பு கொப்புளம் விட்டது. அப்புறம் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். விளக்குமாற்றுக் கட்டையால் தட்டிப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் டொக் டொக் என்றது, அங்கே மட்டும் பொத் பொத். கடைசியாக, தொட்டில் கொக்கியைச் சுற்றித் துருக்கறை இறங்கியது.

அந்தத் தொட்டிலில்தான் அவளுடைய பத்து மாதக் குழந்தை தூங்கும். தரையில் போட்டால் தூங்காது. அது தூங்காவிட்டால் ஆறு வீட்டு லைனில் ஒருவரும் தூங்க முடியாது. ஐப்பசி மழைக்கோ இன்னும் மூன்று வாரம்தான்.

வீட்டு ஓனர் கிட்டுசாமியிடம் நான்கு தடவை சொல்லியாயிற்று. முதல் தடவை, பார்க்கலாமுங்க என்றார். இரண்டாவது தடவை, வீரபாண்டி முழுக்கக் கட்டடம் எழும்புகிறது, மேஸ்திரி சிக்கமாட்டேன் என்கிறார் என்றார். மூன்றாவது தடவை அவள் வருவதைப் பார்த்ததும், கிளம்பாத மொபெட்டைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை ஓடினார். நான்காவது தடவை, தொட்டிலைக் கொஞ்ச நாளைக்குச் சன்னல் கம்பியில் கட்டிக்கொள்ளும்படி யோசனை சொன்னார்.

"மச்சை ரிப்பேர் பண்ணச் சொன்னா பிள்ளைய நகட்டச் சொல்றாரு" என்று விஜயராணி லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் கம்பெனியிலிருந்து அரை அட்டை ஸ்டிக்கர் வீட்டுக்கு வந்தது.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மா வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஏண்டி, பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டுற மாதிரில்ல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டுசாமி மேஸ்திரி ஆத்தப்பனோடு வந்து நின்றார். நேரே மாடிப்படிக்குப் போனவர்களை விஜயராணி விடவில்லை. இருவரையும் உள்ளே கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினாள். சாட்சிக்குக் கருத்தம்மாவும் வந்துவிட்டாள்.

கிட்டுசாமி ஒவ்வொரு அம்பாகப் பார்த்து முடித்தார். "ஒரு கறையக்கூட உடலீங்களே அம்மிணி."

"எங்க கம்பெனியில மூணு அம்புக்கு மேல போனா பீஸ் ரிஜெக்ட்டுங்கய்யா. உங்க வீடு எப்பவோ ரிஜெக்ட்."

"சரிதானுங்க" என்றார் கிட்டுசாமி. மேலே தானும் மேஸ்திரியும் போய்ப் பார்த்துக்கொள்வதாகவும், வெயிலில் அவள் வர வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

விஜயராணிக்குப் பொறி தட்டியது. எதையோ மறைக்கிறார். கறையை மட்டும் துடைத்தால் ஆயிற்றா, எந்த மெஷினில் எண்ணெய் சொட்டுகிறது என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே அவருக்கு முன்னால் படியேறினாள்.

மொட்டை மாடி முழுக்கக் காய்ந்து கிடந்தது. அவள் வீட்டுக்கு நேர் மேலே மட்டும் பனியன் துணி வெட்டிப்போட்ட கட்டிங் வேஸ்ட், மெத்தை மாதிரி, கறுத்து, நைந்து, பாசி பிடித்துப் பரவிக் கிடந்தது. மழைத்தண்ணீர் போகிற ஓட்டையையும் அதுதான் அடைத்திருந்தது.

ஆத்தப்பன் கடப்பாரையால் ஒரு ஓரத்தைப் புரட்டினார். அடியில் தளம் பொருக்கு பொருக்காகப் பெயர்ந்து வந்தது.

"எந்தப் புண்ணியவானுங்க இதை விரிச்சுப் போட்டுத் தண்ணி ஊத்துனது? ஈரம் உள்ள எறங்கிக் கம்பியே துருப்புடிச்சிருக்கும்."

விஜயராணி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். சித்திரையில் அனல் தாங்காமல் அவள் புருஷன் சோணைமுத்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து பரப்பியது. இரண்டு மாதம், தினமும் மத்தியானம் ஆறு குடம் தண்ணீர் ஊற்றியது அவள். கீழே அறை குளுகுளுவென்று இருந்தது. வெயில் தணிந்த பிறகு அந்தப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கருத்தம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் கிட்டுசாமி முந்திக்கொண்டார்.

"காத்துல வந்து உழுந்திருக்குமுங்க மேஸ்திரி."

"மூணு மூட்டை வேஸ்ட்டுங்களா?"

"இந்த வருசம் காத்து நெம்பச் சாஸ்திங்க. நீங்க வேலையைப் பாருங்க."

ஆத்தப்பன் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். ஆடியிலிருந்தே ஓனர் கூப்பிட்டபடி இருக்கிறார், தனக்குத்தான் ஒழியவில்லை என்று முனகிக்கொண்டே வேஸ்ட்டை வாரி எடுக்கத் தொடங்கினார்.

இறங்கும்போது விஜயராணி படியில் நின்றுவிட்டாள். கிட்டுசாமிக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஐயா, நான் தண்ணி ஊத்துனது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாமங்க? தெனமும் எங்க ஊட்டைத் தாண்டித்தானே கொடத்தோட போனீங்க."

"கூரை கெட்டுப்போகும், ஊத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லய்யா."

கிட்டுசாமி செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"கரண்டு வேற இல்லாத நேரம். கொழந்தைக்கு ஒடம்பெல்லாம் வேக்குரு. தளத்தைப் பொறவு பூசிக்கலாமுன்னு இருந்துட்டேனுங்க அம்மிணி."