விரும்புகிறேன் / விரும்பவில்லை

ஒரு கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்.

சிவப்புச் சிவப்பாக வட்டங்கள். வட்டத்தை ஒட்டி வட்டம். இத்தனையும் ஒரு சூரியகாந்தித் தண்டுக்குள் இருந்திருக்கிறது.

நாலு வாரமாக பிளேடு அவள் விரலைத்தான் வெட்டிக்கொண்டிருந்தது. இன்றுதான் தண்டு வெட்டுப்பட்டது. வெங்காயச் சருகு போல ஒரு சீவல்.

"ஏட்டி, ஒனக்கு மட்டும் எப்படி இவ்ளோ மெல்லிசா வருது?" என்றாள் பக்கத்தில் நின்ற ஜெபமலர்.

பதில் சொல்வதற்குள் லேப் வாசலில் ஆபீஸ் உதவியாளர் வந்து நின்றார்.

"ஆறுமுகக்கனி யாரும்மா? ஆபீசுல வரச் சொல்லுதாங்க."

அவள்தான்.

ஆபீஸ் கிளார்க் தலை நிமிராமல் சொன்னார்.

"பி.காம்ல ஒரு பிள்ள டி.சி. வாங்கிட்டுப் போயிட்டு. வெயிட்டிங் லிஸ்டுல நீதான் மொதல்ல இருக்க. மூணு மணிக்குள்ள எழுதிக் குடுத்துரு. இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன்."

ஒரு தாளை நீட்டினார்.

இந்தத் தாளுக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தாள்.

கவுன்சிலிங் அன்று அவள் முறை வரும்போது பி.காம் நிரம்பிவிட்டது. தாவரவியல்தான் இருந்தது. ஊர் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள். இன்றுவரை தாவரவியல் நோட்டுக்கு அட்டை போடவில்லை. பெயர்கூட எழுதவில்லை. போகப்போகிறவளுக்கு எதற்கு என்று ஜெபமலரிடம் தினமும் சொல்வாள்.

இதோ, போகலாம்.

ஏன் சந்தோஷம் வரவில்லை?

தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று அப்பாவுக்குப் போன் செய்தாள். அவருக்கு லோடு ஆட்டோ. மார்க்கெட் ஸ்டாண்டில் இருந்தார்.

"அப்பா, பி.காம்ல ஒரு சீட்டு..."

"கெடச்சிட்டா!"

"இல்லப்பா, எழுதிக் குடுக்கணுமாம். நான் என்ன செய்யன்னு..."

"இதுல என்ன யோசன தாயி? ஓடிப்போய் எழுதிக் குடு. பேங்கு வேலைக்குப் போவலாம்லா. செடி கொடியப் படிச்சி என்ன செய்யப்போற?"

அது அவள் சொன்னதுதான். முதல் வாரம் அழுதுகொண்டே அவரிடம் இதே வார்த்தைகளில் சொன்னாள். இப்போது அவர் குரலில் கேட்கும்போது யாரோ யாரைப் பற்றியோ சொல்வது போலிருந்தது.

ஒரு சீவல் நன்றாக வந்ததற்காகவா?

நாளைக்கு மறுபடி தடியாக வரும். போன செவ்வாய்க்கிழமை டெஸ்டில் இருபத்தைந்துக்கு ஒன்பது. அந்த இங்கிலீஷ் பெயர்கள் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பைத்தியக்காரத்தனம்.

ஜெபமலர் தேடிக்கொண்டு வந்தாள். ஆறுமுகக்கனி அவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"போறியா?"

"தெரியல."

"போணும்னுதான தெனமும் சொல்லுவ?"

"ஆமா."

ஜெபமலர் குழாயைத் திறந்து கை கழுவினாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள்மேல் கோபம்கூடப் பட்டிருக்கலாம்.

மூன்று மணி ஆகப் பத்து நிமிடம்.

மறுபடி ஆபீஸ் ஜன்னல். தாளில் அச்சடித்திருந்தது: பாடப்பிரிவு மாற்றத்தை விரும்புகிறேன் / விரும்பவில்லை. தேவையற்றதை அடிக்கவும்.

பேனாவைத் திறந்தாள்.

அடித்தாள்.

அடித்த பிறகுதான் எதை அடித்தோம் என்று பார்த்தாள். 'விரும்புகிறேன்' மேல் கோடு ஓடியிருந்தது. வேறு தாள் கேட்கலாம். கேட்டால் தருவார்.

அப்படியே ஜன்னலுக்குள் நீட்டினாள்.

கிளார்க் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"மாத்தி அடிச்சிட்டியாம்மா?"

"இல்ல சார்."

காலையிலிருந்து அவள் திடமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

"வேண்டாம்னா காரணம் எழுதணும். கீழ பாரு, கோடு போட்டுருக்கு."

கோட்டைப் பார்த்தாள். காரணம் என்று போட்டு, நீளமாக, இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"தெரியல சார்."

"தெரியலன்னுலாம் எழுத முடியாதும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவர் பெருமூச்சு விட்டு, தாளைத் தன் பக்கம் திருப்பி, தானே எழுதினார். சொந்த விருப்பம். மறுபடி அவள் பக்கம் திருப்பினார்.

அந்த இரண்டு சொற்களையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் கால் வைத்ததும் போன் அடித்தது.

"எழுதிக் குடுத்துட்டியா தாயி?"

"குடுத்துட்டேம்ப்பா."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. குரல் தூரத்தில் கேட்டது.

"ஏய், எம்பிள்ளைக்கி பி.காம் கெடச்சிட்டுடே! எல்லாத்துக்கும் டீ சொல்லு!"

யாரோ கை தட்டினார்கள். யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள்.

அப்பா திரும்ப வந்தார்.

"சந்தோசந்தான தாயி?"

"ஆமாப்பா."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. அதனால்தான் போனை வைக்க முடியவில்லை.

"அப்பா."

"என்ன தாயி?"

அங்கே இன்னும் சிரிப்பு ஓயவில்லை.

"அவங்கள விட்டுக் கொஞ்சம் தள்ளி வாங்கப்பா," என்றாள்.