ஒரே புத்தகம், இரண்டு பிரதி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜன்னல் வெயில் கணினித் திரையில் விழுந்து எழுத்துகளை மங்கலாக்குகிறது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டு, இறந்துபோன மனைவியின் மின்நூல்களைத் தன்னுடையவற்றோடு ஒரே நூலகமாகச் சேர்க்கிறார். ஸ்பீக்கரில் போட்ட கைபேசியில் மகள், "ஒரே புத்தகம் ரெண்டு இருந்தா எத அழிக்கணும்னு கம்ப்யூட்டரே கேக்கும்பா. அம்மாவோடத அழிச்சிடுங்க, இடம் மிச்சமாகும்," என்கிறாள். "சரிம்மா, நீ வேலையப் பாரு," என்று வைத்துவிடுகிறார். பட்டியல் வருகிறது. அறுபத்திரண்டு புத்தகங்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கிறார். கூடத்தில் அவரும் படுக்கையறையில் மனைவியுமாக, இத்தனை வருஷமும் ஒரே புத்தகங்களைத்தான் படித்திருக்கிறார்கள். ஒன்றைப் பற்றிக்கூட இருவரும் வாய் திறந்து பேசியதில்லை. பட்டியலில் கடைசியாக இருக்கும் நாவலில் அவளுடைய பிரதி, படித்தது நாற்பத்து மூன்று சதவீதம் என்று காட்டி நிற்கிறது. அழிக்கவா என்று கேட்கும் பெட்டியை மூடிவிட்டு, அவள் நிறுத்திய பக்கத்தைத் திறக்கிறார். கதை எப்படி முடிகிறதென்று அவருக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆளில்லாத படுக்கையறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, உரக்கப் படிக்கத் தொடங்குகிறார்.